விளிம்பு தேய்ந்துபோன செவ்வாய்ப் பள்ளம்: எது முதலில், எது பிறகு என்று எப்படிப் படிப்பது?

லெவல்புக்:

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. 31 வருஷம் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், உயர வித்தியாசம் பார்க்கும் டம்பி லெவல் கருவியைத் தோளில் சுமந்த ஆள். இப்போது தினமும் இரவில் ஒரு மணி நேரம் செவ்வாய்ப் படங்கள் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சிடிஎக்ஸ் கேமரா எடுத்த படங்களை ஒட்டிச் செய்த பெரிய வரைபடம் ஒன்று, அதோடு மோலா லேசர் கருவி அளந்த உயரக் கணக்கு. இரண்டும் இலவசம். என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்.

எட்டு மாதமாக ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். டெர்ரா சபேயா மேட்டுநிலத்தில் இருக்கிறது, பெயர் கிடையாது. குறுக்களவு ஏறத்தாழ 40 கிமீ. தெற்கிலும் மேற்கிலும் விளிம்பு நிற்கிறது; அதன் உச்சியிலிருந்து தரை வரை 640 மீட்டர். கிழக்கு விளிம்பு ரம்பப்பல் மாதிரி, ஓடை ஓடையாக வெட்டுப்பட்டிருக்கிறது. வடக்கே வட்டத்தில் கால்பங்குக்கு விளிம்பே இல்லை. உள்தரையும் வெளிச் சமவெளியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன, சண்டை போட வரப்பு கூடக் கிடையாது. தரை தளம் போட்ட மாதிரி மட்டம். நடுவில் குன்று இல்லை. தெற்கிலிருந்து சுமார் 1 கிமீ அகலமுள்ள ஒரு பள்ளத்தாக்கு விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது, தரையைத் தொட்டதும் மாயமாகிவிடுகிறது. கழிமுகம், விசிறி வடிவ வண்டல் எதுவும் விட்டுப்போகவில்லை. மேற்கு விளிம்பின் மேலேயே 3 கிமீ அளவில் ஒரு சின்னப் பள்ளம், நேற்று விழுந்த மாதிரி கூர்மையாக.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் இந்த வட்டத்தை மேடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மோலா உயரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் குழி என்று தெரிந்தது. 31 வருஷ அனுபவம்!

தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் "விளிம்பே இல்லையே, இது எரிமலை வாய்" என்றார். இன்னொருவர் "பழைய ஏரி, வடக்கே கரை உடைந்திருக்கிறது" என்றார். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள், காரணம் கேட்டால் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

எங்கள் வேலையில் எல்லைக்கல் ஒன்று காணாமல் போனால் மிச்சக் கற்களை வைத்துக் கணக்குப் போட்டு அந்த இடத்தைக் குறித்துவிடலாம். ஆனால் பிடுங்கியது யார், எப்போது என்று மிச்சக் கல் சொல்லாது. இங்கே எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது. இது விண்கல் மோதிய பள்ளம்தானா? வடக்கு விளிம்புக்கு என்ன ஆயிற்று? எந்த வரிசையில் எல்லாம் நடந்தது?

நிழல்கோணம்:

ஐயா, மேடாகத் தெரிந்ததற்கு வெட்கமே வேண்டாம். இந்தப் படங்களோடு தினமும் மல்லுக்கட்டும் எனக்கே அவ்வப்போது நடக்கிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை அடம்பிடிக்கும். சிடிஎக்ஸைச் சுமக்கும் எம்ஆர்ஓ விண்கலம் ஓர் இடத்தின் மேல் பகலில் கடக்கும்போது அங்கே பிற்பகல் 3 மணியை ஒட்டித்தான் இருக்கும். சூரியன் மேற்கே. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே குழி என்றால் இடப்பக்க உள்சுவர் இருட்டாகவும் வலப்பக்க உள்சுவர் பளிச்சென்றும் இருக்க வேண்டும். குழப்பம் வந்தால் அதே படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சின்னப் பள்ளத்தை முதலில் பாருங்கள். உங்கள் மேற்கு விளிம்பில் இருக்கும் அந்த 3 கிமீ ஆசாமியே போதும். அது கண்ணுக்குக் குழியாகப் படிந்த பிறகு பெரிய வட்டத்துக்குப் போனால் மூளை வழிக்கு வரும்.

மார்ஸ் ஒடிசி விண்கலத்திலுள்ள தெமிஸ் கருவியின் பகல்நேர அகச்சிவப்புப் படத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. அது சாதாரணப் புகைப்படம் மாதிரியே தெரியும், ஆனால் அங்கே பளிச்சென்றால் சூடு, இருட்டென்றால் குளிர்ச்சி. இரவுநேரப் படம் இன்னும் பயனுள்ளது. பாறை பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தூசி உடனே விட்டுவிடும். ஆகவே இரவில் பளிச்சென்று தெரிவது பாறை அல்லது பருமணல், இருட்டாகத் தெரிவது நுண்தூசி.

மோலாவைப் பற்றி ஒன்று. அது மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் இருந்தபடி லேசர் புள்ளிகளைச் சுமார் 300 மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் போட்டுக்கொண்டே போனது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே, நிலநடுக்கோட்டுப் பக்கம், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி. வரைபடத்தில் அந்த இடைவெளியெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பியதுதான். உங்கள் 640 மீட்டரை நம்பலாம். ஆனால் ஏதாவது குட்டி மேடு கண்ணில் பட்டால், லேசர் வரிசை உண்மையிலேயே அதன் மேல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அளவுகோலை (ஸ்டாஃப்) வைக்காத இடத்தில் ரீடிங் எழுதின கதையாகிவிடக் கூடாது.

பாறைமொழி:

லெவல்புக், உங்கள் விவரணை இங்கே வழக்கமாக வரும் "இது என்ன?" படங்களைவிட நூறு மடங்கு மேல். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புதிதாக விழுந்த 40 கிமீ பள்ளம் எப்படி இருக்கும் என்பதை முதலில் மனதில் நிறுத்துங்கள். செவ்வாயில் ஏறத்தாழ 7 கிமீ தாண்டிய பள்ளங்கள் வெறும் கிண்ணமாக நிற்பதில்லை. சுவர் படிப்படியாகச் சரிந்து, தரை அகன்று, பெரும்பாலும் நடுவே ஒரு குன்று எழும்பிவிடும். விளிம்பு சுற்றியுள்ள நிலத்தைவிடச் சில நூறு மீட்டர் உயர்ந்து நிற்கும். அதற்கு வெளியே, தெறித்து விழுந்த பொருள் போர்வை மாதிரி படிந்திருக்கும். செவ்வாயில் அது பல இடங்களில் சேறு வழிந்த மாதிரி நாக்கு நாக்காக இருக்கும். ஆழத்துக்கு மோலா அளவுகளை வைத்து ஜேம்ஸ் கார்வினும் கூட்டாளிகளும் கொடுத்த சூத்திரம் உண்டு: குறுக்களவைக் கிமீயில் எடுத்து 0.49 அடுக்குக்கு உயர்த்தி, 0.36ஆல் பெருக்குங்கள். 40 கிமீக்கு 2.2 கிமீ வரும். உங்களுடையது 0.64. ஆக, முக்கால்வாசி ஆழம் காணோம்.

தேய்மானத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. தெறிபொருள் போர்வையின் மடிப்பும் கோடும் முதலில் போகும், ஏனென்றால் அது மெல்லியது, தளர்வானது. பிறகு விளிம்பில் ஓடைகள் வெட்டும். சுவர் பின்வாங்கும். தரையில் பொருள் சேரச் சேர நடுக்குன்று மூழ்கும். கடைசியில் தட்டைத் தரையும் தாழ்ந்த வளையமும்தான் மிச்சம். தெற்கு மேட்டுநிலத்தில் 370 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நோவாக்கியன் காலப் பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கோலத்தில் கிடக்கின்றன. அதற்குப் பிந்தைய காலத்தில் விழுந்தவை பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கின்றன. அரிப்பு அவ்வளவு திடீரென்று குறைந்திருக்கிறது. 2002ல் ராபர்ட் க்ராடக்கும் ஆலன் ஹோவர்டும் இந்தத் தேய்ந்த வடிவங்களை வைத்துத்தான் பழைய செவ்வாயில் மழை பெய்தது என்று வாதாடினார்கள். பனி உருகின நீரே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது, விடுங்கள்.

எரிமலை வாயா என்ற கேள்விக்கு உங்கள் அளவே ஏற்கெனவே பதில் காட்டுகிறது. செவ்வாயின் அரேபியா டெர்ரா பகுதியில் ஈடன் பட்டேரா என்று ஒரு குழி. சுமார் 55க்கு 85 கிமீ, ஆழம் 1.8 கிமீ வரை. அதை மோதல் பள்ளம் என்றே வைத்திருந்தார்கள். 2013ல் ஜோசப் மிச்சால்ஸ்கி, ஜேக்கப் ப்ளீச்சர் இருவரும் அது இடிந்து விழுந்த பெரிய எரிமலை வாயாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் வாதத்தில் எனக்குப் பிடித்த இடம் இது: உயர்ந்த விளிம்பு இல்லை, தெறிபொருள் இல்லை, நடுக்குன்று இல்லை, ஆனால் ஆழம் மட்டும் அப்படியே இருக்கிறது. விளிம்பைக் கரைக்கும் அளவுக்கு அரிப்பு நடந்திருந்தால் அந்த மண் எங்கே போகும்? பெரும்பகுதி குழிக்குள்தான் விழும். விளிம்பு கரைந்தும் குழி நிரம்பவில்லை என்றால் கணக்கு உதைக்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே விளிம்பு இருந்திருக்காது என்று போனார்கள். உங்கள் வட்டத்தில் நிலைமை தலைகீழ். தெற்கிலும் மேற்கிலும் உயர்ந்த விளிம்பு மிச்சம், குழி நிரம்பியிருக்கிறது. மோதல் பள்ளம் வயதானால் இப்படித்தான் இருக்கும். வட்டமாகவும் இருக்கிறது. நான் மோதல் என்றே எடுத்துக்கொள்வேன்.

வரிசைக்கு ஒரே விதி: யார் யாரை வெட்டுகிறார், யார் யார் மேல் உட்கார்ந்திருக்கிறார். 3 கிமீ பள்ளத்தின் தெறிபொருள் பெரிய வட்டத்தின் உள்சுவர் ஓடைகளுக்குள் விழுந்து அவற்றை மூடியிருக்கிறதா, இல்லை ஓடை அந்தத் தெறிபொருளையும் அறுத்திருக்கிறதா? தெற்குப் பள்ளத்தாக்கு தரைப் பொருளை வெட்டுகிறதா, தரைப் பொருள் பள்ளத்தாக்கின் வாயை மூடுகிறதா? இந்த இரண்டு இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று: நீங்கள் அளந்த 40 கிமீ, பிறந்தபோது இருந்த அளவு இல்லை. சுவர் பின்வாங்கப் பின்வாங்க வட்டம் பெரிதாகும். ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி பார்த்த விக்டோரியா பள்ளத்தின் அகலம் இன்று 750 மீட்டர். காற்று அரிப்பதற்கு முன் 600 வாக்கில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். உங்களுடையதை 36 கிமீ என்று வைத்து ஆரம்பியுங்கள். எவ்வளவு கரைந்தது, எவ்வளவு நிரம்பியது என்று கனஅளவு போட்டுப் பாருங்கள். வெட்டு, நிரப்புக் கணக்கு உங்களுக்குக் கைவந்த கலைதானே.

ஒத்தையடி:

இவ்வளவு எதற்கு? தெற்கே நதி நுழைகிறது, வடக்கே கரை உடைந்திருக்கிறது. ஜெசெரோ மாதிரி ஏரி. முடிந்தது.

பாறைமொழி:

ஒத்தையடி, ஜெசெரோவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 45 கிமீ பள்ளம், மேற்கிலிருந்து நீர் நுழைந்து கழிமுகம் போட்டிருக்கிறது, கிழக்கே வழிந்து வெளியேறியிருக்கிறது. ஆனால் வெளியேறிய வாய் ஒரு குறுகிய வெட்டுதான். விளிம்பின் மற்ற பகுதி நின்றுகொண்டிருக்கிறது. கரை உடைந்த ஏரி அந்த ஒரு வெட்டை ஆழமாக்கும். வட்டத்தில் கால்பங்கு விளிம்பை, அதாவது 30 கிமீ நீள மலையை, அடித்தளம்கூடத் தெரியாமல் துடைத்துக்கொண்டு போகாது. அப்படிப் போயிருந்தால் வெளியே பெரிய வாய்க்காலும் குவியலும் கிடக்க வேண்டும். லெவல்புக் சொல்வது மட்டமான சமவெளி.

ஏரி என்று முடிவு கட்டி ஏமாந்த பெரிய கதையும் இருக்கிறது. குசேவ் பள்ளம், 166 கிமீ அகலம். மாதிம் வாலிஸ் என்ற பிரம்மாண்டமான பள்ளத்தாக்கு நேராக அதற்குள் போய் முடிகிறது. படத்தைப் பார்த்த யாரும் ஏரிப்படுகை என்றுதான் சொல்வார்கள். 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தி இறங்கிப் பார்த்தால் தரை முழுக்கப் பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த கல். ஏரி இருந்திருந்தாலும் அதன் வண்டல் அடியில் புதைந்துவிட்டது. நீரோடு சம்பந்தப்பட்ட பாறைகளை, தரைக்கு மேல் தீவு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கொலம்பியா குன்றுகளில் ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒத்தையடி:

சரி, குசேவ் எனக்குத் தெரியாது. வாபஸ். ஆனால் நதி நுழைகிறது என்பது நதி நுழைகிறதுதான்.

லெவல்புக்:

பாறைமொழி சார், நான்கு நாள் இதே வேலைதான். வீட்டில் பேச்சு வாங்கினேன்.

கணக்கு இதோ. 36 கிமீக்கு உங்கள் சூத்திரப்படி தொடக்க ஆழம் 2.1 கிமீ. இப்போது 0.64. விளிம்பு 400 மீட்டர் தாழ்ந்தது என்று வைத்தால் தரை ஏறத்தாழ 1,060 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். தரையின் பரப்பு சுமார் 600 சதுர கிமீ. ஓரத்தில் ஆழம் குறைவதையும் கழித்தால் நிரப்பு 600 கன கிமீ. இது நிரப்புப் பக்கம்.

வெட்டுப் பக்கம்: விளிம்பின் உள்பாதியும் சுவர் 2 கிமீ பின்வாங்கியதும் சேர்த்து, தாராளமாகப் போட்டும் 280 கன கிமீயைத் தாண்டவில்லை. விளிம்பின் வெளிப்பாதி வெளியேதானே உருண்டிருக்கும். இன்னும் 320 வேண்டும். தெற்குப் பள்ளத்தாக்கு கொண்டுவந்து கொட்டியது என்று நினைத்து அதையும் அளந்தேன். நீளம் 60 கிமீ, அகலம் 1 கிமீ, ஆழம் 100 மீட்டர், வெட்டுமுகம் முக்கோணம். மொத்தமே 3 கன கிமீ! ஒத்தையடி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, நதி நுழைந்திருக்கிறது, ஆனால் வெறுங்கையோடு வந்திருக்கிறது.

நீங்கள் பார்க்கச் சொன்ன இரண்டு இடம்: 3 கிமீ பள்ளத்தின் தெறிபொருள் சுவர் ஓடைகள் இரண்டை மூடிக்கிடக்கிறது, எந்த ஓடையும் அதை அறுக்கவில்லை. பள்ளத்தாக்கு தரையை வெட்டவே இல்லை. தரைப் பொருள் அதன் வாய்க்குள் சுமார் 1 கிமீ ஏறி, உள்ளே போன மாதிரி முடிகிறது.

நிழல்கோணம் சொன்னபடி, வரைபடத்தை விட்டுவிட்டு லேசர் வரிசைகளைத் தனித்தனியாக எடுத்து லெவல் பார்த்தேன். தரை மட்டம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தப்பு. வடக்கு ஓரம் தெற்கு ஓரத்தைவிட 40 மீட்டர் உயரம், 28 கிமீ நீளத்தில். கண்ணுக்குத் தெரியாது, அளவு எழுதும் லெவல் புத்தகத்தில் தெரியும். வடக்கே வெளிச் சமவெளியும் அதே வாட்டத்தில் ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் படி எதுவும் இல்லை. தெற்கே வெளிமேட்டில் இந்த வாட்டம் கிடையாது.

பாறைமொழி:

சார் இல்லை, அம்மா என்று கூப்பிடுங்கள், பாதகமில்லை.

கணக்கு பிரமாதம். ஒவ்வொரு எண்ணிலும் இருபது, முப்பது சதவீதம் இங்கும் அங்கும் ஆடலாம். ஆனாலும் 280ஐ 600 ஆக்க முடியாது. உங்கள் இரண்டு புதிரும் இப்போது ஒரே புதிராகிவிட்டதைக் கவனித்தீர்களா? வடக்கே விளிம்பு காணோம், உள்ளே கணக்கில் வராத 320 கன கிமீ இருக்கிறது, தரை வடக்கிலிருந்து தெற்கே வாட்டம், அதே வாட்டம் வெளியேயும் தொடர்கிறது. வடக்கு விளிம்பை யாரும் பிடுங்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்து தாழ்ந்திருந்த அந்தப் பக்கத்தைத் தாண்டி வெளிச் சமவெளியின் பொருள் உள்ளே வந்து நிரம்பியிருக்கிறது. கல் அங்கேயே இருக்கிறது, மண்ணுக்கு அடியில்.

ஆக நான் படிக்கும் வரிசை: மோதல், நீண்ட தேய்மானம், சுவர் பின்வாங்கல், ஓடைகள், அதோடு ஒட்டியோ சற்றுப் பிந்தியோ தெற்குப் பள்ளத்தாக்கு. அது ஏதாவது விசிறி போட்டிருந்தால் இன்று தரைக்கு அடியில். பிறகு வடக்கிலிருந்து நிரப்பு, பள்ளத்தாக்கின் வாயையும் மூடியபடி. 3 கிமீ பள்ளம் ஓடைகள் ஓய்ந்த பிறகு விழுந்தது. நிரப்புக்கு முன்னா பின்னா என்று உங்கள் விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதன் தெறிபொருள் தரை வரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

இதே மாதிரி அரைகுறையாகப் புதைந்த பள்ளத்தை ஊர்தி நேரிலேயே பார்த்திருக்கிறது. மெரிடியானிச் சமவெளியில் எண்டெவர் பள்ளம், 22 கிமீ. 2011 ஆகஸ்ட்டில் ஆப்பர்ச்சுனிட்டி அதன் ஓரத்தை அடைந்தது. அங்கே விளிம்பு தொடர்ச்சியாக இல்லை. கேப் யார்க், சோலாண்டர் பாயின்ட், கேப் டிரிபுலேஷன் என்று துண்டு துண்டாக நிற்கிறது, இடையிலுள்ள இடைவெளிகளில் பிற்காலச் சல்பேட் மணற்கல் படிந்து சமவெளியாகக் கிடக்கிறது. விளிம்புத் துண்டுகளில் மோதலில் நொறுங்கி ஒட்டிய பழைய பாறை, அவற்றைச் சுற்றி இளைய பாறை. கேப் யார்க் ஓரத்தில் ஜிப்சம் ஓடிய வெள்ளை நரம்புகூடக் கிடைத்தது. மேலிருந்து பார்த்தால் உடைந்த வளையம். உண்மையில் முழுகிய வளையம்.

நிரப்பு எது, குழம்பா வண்டலா என்று மட்டும் அவசரப்பட வேண்டாம். குசேவில் வண்டல் என்று போனவர்களுக்குக் குழம்பு கிடைத்தது. மெரிடியானிச் சமவெளி மணற்கல். மேலிருந்து இரண்டும் ஒரே மாதிரி தட்டை.

நிழல்கோணம்:

வடக்கு விளிம்பு அடியில் இருக்கிறது என்றால் அதைத் தேட வழி உண்டு. ஹெர்பர்ட் ஃப்ரே 2002 வாக்கில் செய்தது இதுதான். வடக்குத் தாழ்நிலம் படத்தில் வெறும் சமவெளி. மோலா உயர வரைபடத்தில் சின்ன உயர வித்தியாசமும் தெரியும்படி வண்ணத்தை இறுக்கிப் பிடித்துப் பார்த்தபோது வட்ட வட்டமாகப் பள்ளத்தின் ஆவிகள் தெரிந்தன, புதைந்த பள்ளங்கள். அவற்றையும் சேர்த்து எண்ணியபோது தாழ்நிலத்தின் அடித்தரை மேலே தெரிவதைவிட மிகப் பழையது என்று தெரிந்தது.

உங்கள் தெற்கு, மேற்கு விளிம்பு உச்சியில் பத்துப் புள்ளி எடுத்து ஒரு வட்டம் பொருத்துங்கள். பிறகு அந்த வட்டம் வடக்கே எங்கே போகிறதோ அந்தக் கோட்டின் மேல் ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வட்டம், பிறகு மேடு. மேட்டைப் பார்த்துவிட்டு வட்டத்தை வளைத்தால் எந்த மேடும் எந்த வட்டத்திலும் உட்காரும்.

தரையின் வயதைச் சின்னப் பள்ளங்களை எண்ணிச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முன்கூட்டியே சொல்கிறேன்: 600 சதுர கிமீயில் பெரிய பள்ளங்கள் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது. சின்னவற்றை நம்பினால் வேறு வம்பு. ஸூனில் என்ற 10 கிமீ பள்ளம் ஒன்றே, தெறித்த கற்களால், கோடி எண்ணிக்கையில் துணைப் பள்ளங்களைப் போட்டிருக்கும் என்று 2005ல் கணக்கிட்டார்கள். எது வானத்திலிருந்து விழுந்தது, எது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று பிரிப்பது பாடு.

லெவல்புக்:

பாறைமொழி அம்மா, நிழல்கோணம், இருவருக்கும் நன்றி.

பத்துப் புள்ளி போதாது என்று பதினாறு எடுத்தேன், பழக்க தோஷம். வட்டம் பொருத்தினேன். ஆரம் 19.8 கிமீ, எந்தப் புள்ளியும் 600 மீட்டருக்கு மேல் விலகவில்லை. அதைக் காகிதத்தில் வரைந்து வைத்துவிட்டுத்தான் வடக்கே பார்த்தேன், சத்தியமாக.

காணாமல் போன கால்பங்கில் நான்கு மேடுகள். சமவெளிக்கு மேல் 30 முதல் 70 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் ஒரு கிமீக்கும் குறைவான அகலம். எட்டு மாதம் இவற்றைப் பார்த்தபடி கடந்து போயிருக்கிறேன். மூன்று மேடுகள் கோட்டிலிருந்து அரை கிமீக்குள் உட்காருகின்றன. அவற்றில் இரண்டின் மேல் லேசர் வரிசை நேராகப் போயிருக்கிறது, ஆகவே உயரம் நிஜம். மூன்றாவது இரண்டு வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சிடிஎக்ஸ் படத்தில் நிழல் விழுகிறது, அதனால் மேடுதான், உயரத்தை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். தெமிஸ் இரவுப் படத்தில் மூன்றும் சுற்றியுள்ள சமவெளியைவிடப் பளிச்சென்று இருக்கின்றன.

சின்னப் பள்ளத்தின் தெறிபொருள் தரை வரை எட்டவில்லை, சுவரிலேயே நின்றுவிட்டது. ஆகவே அந்தக் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது.

நான்காவது மேடு கோட்டுக்கு 3 கிமீ வெளியே இருக்கிறது. மூன்றையும்விட உயரமும் அதுதான். வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் உட்காரும் போலத் தோன்றியது, நகர்த்தவில்லை. வேறொரு பழைய வளையத்தின் மிச்சமாக இருக்குமோ என்று அதைச் சுற்றி 50 கிமீ வரை வரிசை வரிசையாக லெவல் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை பதினோரு வரிசை.

ஒத்தையடி:

ஐயா, மிச்ச வரிசையைப் பிரித்துக் கொடுங்கள், பாதியை நான் எடுக்கிறேன். லெவல் புத்தகம் எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.